கத்தரீனம்மா இறங்கி வருகிறாள்

இடது காலுக்கு உறையை மாட்டிவிட்டு, அர்மேல் தன் அம்மாவின் வலது காலைத் தூக்கினாள். சில்லென்று கனத்தது. சாம்பல் நிறக் கம்பளி உறை. குதிகாலில் ஒட்டுப்போட்டுத் தைத்தது.

"ஷூ எங்கம்மா?" என்று கேட்டார் சவப்பெட்டிக்காரர்.

"ஷூ வேணாம்."

ஜன்னலோரம் நின்ற ஃபெர்னான் மாமா வெடுக்கென்று திரும்பினார். செத்துப்போன அம்மா எத்மேக்கு ஒரே தம்பி. தூங்கும்போதுகூட டையைக் கழற்றுவாரோ மாட்டாரோ என்று சந்தேகப்பட வைக்கும் மனிதர்.

"வெறுங்காலோட அனுப்பப் போறியா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பெட்டிய மூடினப்புறம் யாரு மாமா காலைப் பாக்கப் போறா?"

"அதுவும் சரிதான். அவ முகத்தையே ஊர்ல யாரும் பாத்ததில்ல. காலைப் பாத்து என்ன ஆகப் போகுது?"

இந்தக் கிண்டல் அர்மேலுக்குப் பழகியதுதான். பழகிவிட்டால் வலிக்காதா என்ன?

நாட்டுக்காகப் போரிட்ட ஜோனை உயிரோடு எரித்த ஊர் ருவான். எரித்த பாவத்தை அவளைப் பற்றிப் பாட்டுப் பாடியே கழுவிவிடலாம் என்று நம்புகிற ஊரும் அதுதான். இத்தாலி ஜோன், ரஷ்ய ஜோன் என்று எத்தனையோ ஓப்பராக்கள், இசை நாடகங்கள், வந்து போயிருக்கின்றன. ஆனால் அவளை எரித்த மே மாதம் வந்தால் உள்ளூர் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர் எழுதியதைப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். அதில் ஜோனைப் போருக்குக் கூப்பிடுகிற புனித கத்தரீன் மேடைக்கே வருவதில்லை. குரல் மட்டும் மேலிருந்து வரும். அந்தக் குரல் எத்மே.

மேடைக்கு மேலே, தொங்குகிற திரைகளுக்கு நடுவில், திரை இழுக்கிற ஆட்களோடு இரும்புப் பலகையில் நின்றுதான் எத்மே பாடுவாள். இரும்புப் படி சத்தம் போடும். அதனால் ஷூவைக் கீழே கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுக் காலுறையோடு ஏறுவாள். கடைசிக் காட்சியில் தீ மூட்டுவார்கள், ஜோன் தலை சாயும், வாத்தியமெல்லாம் அடங்கும். அப்போது உச்சியிலிருந்து ஒரே ஒரு சொல் நீளமாக இறங்கி வரும்: "வா." திரை விழும். கைதட்டல் அரங்கத்தையே பிளக்கும்.

எல்லோரும் கைகோத்துக் குனிந்து வணங்கி முடித்த பிறகுதான் எத்மே கீழே வந்து சேருவாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"பரவால்ல. கைதட்டல் மேல வரைக்கும் கேட்டுச்சு," என்று ஷூவுக்குள் காலை நுழைப்பாள். ஒரே ஒரு தடவைதான் மனசைத் திறந்து சொன்னாள்: "கீழ நின்னு ஒரு தடவையாச்சும் வாங்கிப் பாக்கணும்டி."

அந்த ஒரு தடவையை இன்றைக்குக் கல்லறையில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அர்மேலின் பிடிவாதம். பெரிய பாடகர்களின் பெட்டிக்குக் கைதட்டி வழியனுப்புவது இந்த நாட்டு வழக்கம். அம்மாவுக்கு மட்டும் கூடாதா?

"யாருடி தட்டுவா?" என்றார் மாமா. "பேரே தெரியாது ஊருக்கு. நீ தட்டி, வேற யாரும் தட்டலன்னு வை, அதைவிட அசிங்கம் உண்டா? சும்மா இரு."

கல்லறையில் தூறல். மாமா சொன்னபடியே கூட்டமில்லை. அண்டை வீட்டார் சிலர், பழைய திரை இழுப்பவர்கள், அப்புறம் கைத்தடியோடு தனியாக ஒரு கிழவி. ரோசாலின் வெர்னே! ஒரு காலத்தில் ஜோனாக ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த முகம். மாமா டையைச் சரிசெய்துகொண்டார்.

பெட்டியைத் திரை ஆட்கள்தான் சுமந்து வந்தார்கள். குழியருகே வைத்ததும் சவப்பெட்டிக்காரர், "ஆளுக்கொரு கயித்தைப் பிடிங்க," என்றார்.

திரை ஆட்கள் அத்தனை பேரும் சிலையாக நின்றுவிட்டார்கள். 'கயிறு' என்பது தியேட்டரில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத, சகுனம் கெட்ட சொல். எங்கு பார்த்தாலும் அதுதான் தொங்கும், ஆனால் "நூல்" என்றுதான் சொல்வார்கள். தவறிச் சொன்னவன் எல்லோருக்கும் சாராயம் வாங்கித் தர வேண்டும்.

"யோவ், சொல்லிட்டியே!" என்றார் திரை ஆட்களின் தலைவர் பர்னபே. "ஆப்பிள் சாராயம், எல்லாருக்கும், உன் செலவு!"

குழிமேட்டில் சிரிப்பு வெடித்தது. மாமா முகம் சிவந்தது. அர்மேலும் சிரித்துவிட்டாள். அம்மா இருந்தால் முதலில் சிரித்திருப்பாள்.

"வானம், மேகம், கோட்டை எல்லாத்தையும் நாங்க ஏத்தி இறக்கினோம் பாப்பா," என்றார் பர்னபே. அர்மேலுக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். "எங்க கத்தரீனம்மா மட்டும் தானா ஏறி தானா இறங்கினா. இன்னிக்கு நாங்க இறக்கறோம்."

இறக்கினார்கள். ஒரு பக்கம் சாயவில்லை, எங்கும் இடிக்கவில்லை. பெட்டி தரை தொட்டது.

யாரும் அசையவில்லை. அர்மேலின் கைகள் எழவே இல்லை. பெற்ற மகள் முதலில் தட்டினால் பிச்சை கேட்பது மாதிரி ஆகிவிடாதா? 'சொன்னேன்ல' என்று மாமா பார்த்தார். அம்மாவைக் கடைசியிலும் ஏமாற்றிவிட்டேனே!

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ரோசாலின் முன்னே வந்தாள்.

"எனக்குச் சாகத் தெரியாது," என்றாள், ஊருக்கே சொல்வது மாதிரி. "கம்பத்துல கட்டுவாங்க, புகை கண்ணைக் கரிக்கும், நான் பாட்டுக்கு முழிச்சிட்டு நிப்பேன். மேலேருந்து இவ 'வா'ன்னுவா. உடம்பெல்லாம் சிலிர்த்துத் தலை தானா சாஞ்சுடும். சாகடிச்சவ இவ. கைதட்டல் வாங்கினவ நான்."

கைத்தடியைப் பர்னபேயிடம் கொடுத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். தட்டினாள்.

அடுத்த நொடி திரை ஆட்களின் காய்த்துப்போன உள்ளங்கைகள் சேர்ந்துகொண்டன. அப்புறம் அண்டை வீட்டார். யார் சாவு என்றே தெரியாத பக்கத்துக் குழி ஆட்கள்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தட்டினார்கள். மாமா குடையைக் கீழே போட்டுவிட்டு, தூறலில் நனைந்தபடி, பக்கத்து வீட்டுக்காரரிடம் கத்திச் சொன்னார்: "எங்க அக்கா! எங்க அக்காங்க அது!"

அர்மேல் பையைத் திறந்து அம்மாவின் கறுப்பு ஷூவை எடுத்தாள். காலை நுழைக்க வாகாகக் குழியோரம் ஜோடியாக வைத்தாள்.

"இன்னும் முடியலம்மா," என்றாள்.