நூற்றுக்கு முன்னூற்று நாற்பது

செஃபாகோரின் கணக்குப்படி, அந்தக் கறுப்புப் பூச்சின் மேல் நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் முன்னூற்று நாற்பது பங்கு திரும்பி வந்தது. பூச்சை இன்னும் யாரும் செய்யவில்லை. அது கணினிக்குள் மட்டும் இருந்தது: கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அதற்குள் கண்ணுக்கே தெரியாத நிக்கல் துகள்கள். கோகோ விதை உலர்த்தும் பெட்டியின் மேல் தடவினால் வெயிலை விழுங்கிச் சூடாக வேண்டும். ஏழு வருடமாக அவள் முனைவர் பட்டத்துக்குச் செய்துவரும் ஆராய்ச்சி அதுதான். விழுங்க வேண்டியது கக்கிக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை காலை, வாயில் வாச்சே என்கிற அவரைச் சோற்றோடு அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் அமங்க்வா, நின்றுகொண்டிருந்தார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, எதையும் படித்து முடிப்பதற்குள் நாலு பேருக்கு அனுப்பிவிடுவார். அரை மணி நேரத்தில் டீன் அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை நடக்கவிருந்த அவளுடைய வாய்மொழித் தேர்வின் அறிவிப்பிலேயே அந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, குமாசி நகரில் கண்ணில் பட்ட சுவரிலெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

செவ்வாய் மதியம் தப்பு அகப்பட்டது. ஒளி அலையைக் கணக்கில் எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு. இயற்பியல்காரர்களின் வழக்கத்தில் வெளிச்சத்தை விழுங்கும் பொருளுக்குக் கூட்டல் குறி. மின்பொறியாளர்களின் வழக்கத்தில் அதே பொருளுக்குக் கழித்தல் குறி. இரண்டும் சரிதான், ஒன்றோடொன்று கலக்காத வரைக்கும். செஃபாகோர் இயற்பியல்காரி. நிக்கலின் எண்களை அவள் வாங்கியதோ பக்கத்து மேசை எபோவிடம். அவன் மின்பொறியாளன்.

"எபோ, உன் நிக்கல்ல கழித்தல் குறி இருக்கே, சொல்லவே இல்லையேடா?"

"நீ கேக்கவே இல்லையே. எங்க பக்கம் ஆதியிலேர்ந்து கழித்தல்தான்."

"அந்த ஒரு கோட்டால என் பூச்சு சூரியனாயிடுச்சு."

"நல்லதுதானே. விருந்து எப்போ?"

அவள் கோட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நூற்றில் தொண்ணூற்று நாலு பங்கை விழுங்கியது. அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு அருமையான எண். அவசரமாகப் பேராசிரியரிடம் ஓடினாள்.

"விழுங்குதா?" என்றார் அமங்க்வா. "முன்னூத்தி நாப்பது குடுத்துக்கிட்டிருந்தது. இப்ப உள்ளதையும் விழுங்குதுங்கறே. ஊரே கரண்ட் இல்லாம தவிக்குது. டீன்கிட்ட போயி இத நான் எந்த வாயால சொல்றது?"

"புரொஃபசர், விழுங்கத்தான் நாம இத ஆரம்பிச்சதே."

"அது அப்போ."

புதன்கிழமை ஆய்வறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். எதிரிலிருந்த பெண்கள் விடுதியிலிருந்து புகார் வந்திருந்தது, ஆய்வறை வெளிச்சத்தில் கண் கூசுகிறதாம். வாசலில் காவலாளி இட்ரிசு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கண்ணாடி போடாம உள்ள போகாதீங்க."

"உள்ள ஒண்ணுமே இல்ல இட்ரிசு. வெறும் கணினிதான்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. எனக்கு நேத்துலேர்ந்து வலது கண்ணுல தண்ணியா வடியுது."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. நடுவில் டீன் அச்சாம்பொங். கடைசி வரிசையில் செஃபாகோரின் அம்மா, தூரத்து வோல்டா பக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, புதுத் துணி சரசரக்க உட்கார்ந்திருந்தாள். ஓரமாக, மூடிய தட்டுகளில் தேர்வு முடிந்ததும் தின்ன வேண்டிய இறைச்சிப் பணியாரங்கள்.

செஃபாகோர் சுற்றி வளைக்கவில்லை. தப்பைச் சொன்னாள். பழைய கணக்கைத் திறந்து, மடிக்கணினியைத் திருப்பி எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். அந்தக் கழித்தல் கோட்டை அழித்தாள். மின்சாரம் போய்விட்டது.

குமாசியில் மின்சாரம் போவது ஒரு செய்தியே இல்லை. டம்சோர் என்று பேர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு அது வீட்டு ஆள். ஆனால் இந்த முறை அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"எடுத்ததத் திரும்பப் போடும்மா," என்றார் டீன் அமைதியாக.

"ஐயா, இது டம்சோர். அந்தப் பூச்ச இன்னும் செய்யவே இல்ல."

"செய்யாதப்பவே இவ்வளவு விழுங்குதுன்னா, செஞ்சா என்ன ஆகும்?"

அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. கோட்டால் ஒன்றும் ஆகாது என இவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று கோட்டைத் திரும்பப் போட்டாள். கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அமங்க்வா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேர்வுக் குழு அங்கேயே கூடிப் பேசி, முனைவர் பட்டம் தருவதென்று ஒருமனதாக முடிவு செய்தது. ஒரே நிபந்தனை, அந்தக் கோட்டை அவள் இனிமேல் தொடக் கூடாது. டீன் அப்படி எழுதிய தாளைக் கையெழுத்துக்கு நீட்டிப் பேனாவையும் திறந்து கொடுத்தார்.

அம்மா எழுந்து முன்னால் வந்துவிட்டாள். "ஒரு கோடுதானேடி. போட்டுட்டு வா. ஏழு வருஷமா எல்லாருக்கும் பதில் சொல்லி வாய் வலிக்குது."

"அந்தக் கோட்டோட பட்டம் வாங்கினா, நான் ஏழு வருஷமா என்ன படிச்சேம்மா?"

"படிச்சதுக்குத்தானே பட்டம் தர்றாங்க?"

செஃபாகோர் பேனாவை மூடி டீனிடமே கொடுத்தாள். தேர்வை ஆறு மாதம் தள்ளிவைத்திருப்பதாக டீன் அறிவித்தார். பணியாரம் ஆறிப் போகுமே என்று எல்லோரும் வருத்தத்தோடு எடுத்துத் தின்றார்கள். அம்மா இரண்டைத் தாளில் சுற்றி மகளின் பைக்குள் வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆய்வறையில் யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டில் சரியான எண்ணை ஏற்ற வேண்டும். திரையில் அந்தக் குட்டிக் கோடு இருந்தது. பூச்சு இல்லை, படலம் இல்லை, ஒரு துகள்கூட இல்லை, எல்லாம் வெறும் எண்கள் என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அதைச் சொல்லித்தான் நேற்றுப் பட்டத்தையே வேண்டாமென்று விட்டு வந்தாள். கோட்டை அழிக்கும் விசையில் விரலை வைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். பிறகு, அழுத்துவதற்கு முன், எரிந்துகொண்டிருந்த விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.