சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அஸ்வினிக்கு வலிப்பு இருக்கிற விஷயம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு என்றால், அவளுடைய தாய்மாமன் வீட்டுக்கு. திருவாதவூரில் இருக்கும் அவள் அப்பா வீட்டார் மறைத்துவிட்டார்கள். என் மகன் சூரியபிரகாஷுக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்து. முறைமாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நாளைக்குப் பெண் எடுக்க மாட்டோமாம். பால் பல் விழாத பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற கூட்டத்தை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்படி ஒன்றும் தெரியாமல்தான் அந்தப் பிள்ளையை நான் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வில்லாபுரத்தில் எங்கள் தெரு அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. குழந்தைகள் படம் எது வந்தாலும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, காட்டலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, நானே எடுத்துக்கொண்டது. சரண்யா சரி என்றால் டிக்கெட் போடுவார்கள், இல்லையென்றால் மாட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையை விட்டுவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே பயப்படுகிறது, எங்கே அலுத்துப்போகிறது எல்லாம் முகத்தில் தெரிந்துவிடும்.

என் மகன் சூர்யா இப்போதெல்லாம் எதற்கும் அசருவதில்லை. காலாண்டு லீவுக்கு என் நாத்தனார் மீனா, மகள் அஸ்வினியோடு வந்திருந்தாள். வீடியோ கேமைக் கார்ட்டூன் படமாக எடுத்தது ஒன்று அந்த வாரம் வெளியானது.

"எம் மருமவள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம் மதினி. அவளுக்குக் கண்ணு வலிக்கும்."

"வீட்ல டிவி பாக்கையில வலிக்காத கண்ணு, எங்கூட வந்தா மட்டும் வலிக்குதாக்கும்?"

டிவி பார்க்கும்போதும் அவள் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டேதான் இருந்தாள். காலையில் வாழைப்பழத்துக்குள் ஒரு மாத்திரையை வைத்துக் கொடுத்தாள். கேட்டதற்குச் சத்து மாத்திரை என்றாள். நான் நம்பினேன்.

"சரி, அப்ப நானும் வாரேன்" என்று மீனா கிளம்பினாள்.

ஒரு குட்டி ஓணான் கேமுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுகிற கதை. ரத்தமில்லை, கெட்ட வார்த்தை இல்லை. அஸ்வினி கைதட்டிச் சிரித்தாள். மீனா மட்டும் திரை கொஞ்சம் பளிச்சென்றாலும் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"மதினி, இதுல லைட்டு வெட்டி வெட்டி வருமா?"

"சண்டைன்னா லைட்டு வராம இருக்குமா? பேசாம பாரு."

இடைவேளையில் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். "இம்புட்டுப் பாத்தது போதும் மதினி, கெளம்புவோம்."

"பாதிப் படத்தப் பாத்துட்டுக் குரூப்புல என்னத்தச் சொல்ல? நீ வேணா போ. புள்ள இருக்கட்டும்." எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. என்னை நம்பிப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்கிறாளே என்றுதான் கோபம். மீனா திரும்ப உட்கார்ந்தாள். ஏசியிலும் அவளுக்கு வியர்த்திருந்தது.

கடைசிச் சண்டை வந்தது. ராட்சசன் கத்தினான். திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வெட்டியது, நிற்கவே இல்லை. மீனா தன் முந்தானையைப் பிள்ளையின் முகத்தில் போட்டு அழுத்தினாள்.

"விடும்மா, விடு!" என்று அஸ்வினி உதறினாள்.

"ஏண்டி, மொகத்த மூடிட்டா நான் எதப் பாத்துச் சொல்ல?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அஸ்வினியின் முகம் தெரிந்தது. திரை வெட்டும் வேகத்திலேயே அவள் இமைகளும் துடித்தன. ஆசையாகப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கையிலிருந்த பாப்கார்ன் டப்பா நழுவியது. கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பியது.

"மூடுங்க மதினி! அவளுக்கு வலிப்பு இருக்கு!"

அந்தச் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. உள்ளங்கையால் பிள்ளையின் கண்களைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் தாண்டும்போது அவள் உடம்பு என் கையில் விறைத்தது.

வெளியே தரையில் கிடத்தினோம். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. டிக்கெட் கிழிக்கும் ஆள் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "இரும்பக் கையில குடுங்கம்மா!"

"எதையும் குடுக்காதீங்கண்ணே. வாயிலயும் ஒண்ணும் வைக்கக் கூடாது" என்றாள் மீனா. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், பையைத் தலைக்கு அணை கொடுத்தாள், செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கரப்பான் பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறுகிறவள் அவள். எத்தனை தடவை தனியாக இதைச் செய்திருப்பாள்?

இழுப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அஸ்வினி கண் திறந்து, "ஓணான் செயிச்சுருச்சா?" என்றாள். மீனா டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே கூட்டிவரச் சொன்னார். ஆட்டோவில் ஏறினோம். பிள்ளை அவள் மடியில் தூங்கியது.

"அண்ணங்கிட்ட சொல்லிறாதீங்க மதினி. எங்க மாமியா என்னையக் கொன்னுரும்."

"எம் மகனுக்குப் பொண்ணு பாக்க இன்னும் இருவது வருசம் கெடக்குடி. அதுக்குப் பயந்து பச்சப்புள்ளய அந்த இருட்டுல கொண்டாந்து உக்கார வச்சிருக்க?"

"நீங்கதான மதினி வாய்க்கு வாய் மருமவ, மருமவன்னு சொன்னீக?"



செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. குரூப்தான். 'சரண்யாக்கா, ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போடலாமா?' மீனா எட்டிப் பார்த்தாள்.

"எதுவும் எழுதாதீங்க. நாம மூணு பேரும் கெளம்புனதத் தெருவே பாத்துச்சு. வலிப்புன்னு எழுதுனா, யாருக்குன்னு சொல்லாமயே தெரிஞ்சுரும்."

அவள் சொன்னது நிஜம்தான். எழுதினால் அஸ்வினியைக் காட்டிக்கொடுத்த மாதிரி. எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பிள்ளை அந்தத் தரையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. குரூப்பில் எழுதினேன். 'கதை நல்ல கதைதான். ஆனால் கடைசிச் சண்டையில் வெளிச்சம் விடாமல் வெட்டுகிறது. வலிப்பு இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.'

மீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் பதில் கடைசி வீட்டுப் பாண்டீஸ்வரியிடமிருந்து வந்தது. 'நம்ம தெருவுல அப்பிடி எந்தப் புள்ளையும் இல்லையேக்கா.' அடுத்தடுத்துக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன.

கொஞ்ச நேரத்தில், குரூப்பில் இல்லாமல் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. அதே பாண்டீஸ்வரிதான்.

'அக்கா, அந்த லைட்டு சீன் எப்ப வருது? அதுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டு வந்துட்டா போதுமா? சும்மாதான் கேக்குறேன்.'

போனை மீனாவிடம் நீட்டினேன். படித்தாள். மடியில் தூங்கும் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு, பேசி அனுப்புகிற பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"பாண்டீஸ்வரியக்கா, நான் சரண்யா மதினியோட நாத்தனா மீனா பேசுறேன். கூட்டிட்டுப் போகாதீங்க. எம் மகளுக்கும் இருக்கு."