முதல் தளத்துக்கு இன்னொருவர்

டெஸ்மண்ட் ஓக்லி சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, எர்வின் ஹல்ஸ்கா அவரைப் பற்றிய செய்தியைத்தான் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் நான்கே வரிகள். முதல் தளத்தில் ஆடிவந்த ஓக்லியை ஹெரான்ஸ் பேஸ்பால் அணி விடுவித்துவிட்டது.

எர்வின் பத்திரிகையை மடித்துத் துண்டுகளுக்கு அடியில் செருகினார். அந்த ஆற்றங்கரை ஊரில் நாற்பது வருடங்களாக முடி வெட்டுகிறவர் அவர். ஆனால் ஊருக்கு அவரைக் குரலால்தான் அதிகம் தெரியும். திங்கட்கிழமை காலைதோறும் உள்ளூர் வானொலிக்குப் போன் போட்டு, அணியை எப்படிச் சரிசெய்யலாம் என்று ‘ஆறாம் தெரு எர்வின்’ யோசனை சொல்வார். இடது கைப் பந்துவீச்சாளரை ஏழாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார், யாரும் கேட்கவில்லை. ஓக்லியை எடுத்துவிட்டுக் கீழ் அணியிலிருந்து கெட்லரைக் கொண்டுவாருங்கள் என்று மூன்று வாரம் விடாமல் சொன்னார். அது நடந்துவிட்டது. தன்னால் நடக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் காலையில் செய்தியைக் கேட்டதும் இன்னொரு கோப்பைக் காபி ஊற்றிக் குடித்திருந்தார்.

இப்போது அதே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துணி கட்டும்வரை எர்வின் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்காமல் எப்படிக் கத்திரியை வைப்பது? கேட்டார். கண்ணாடியில் ஓக்லியின் பார்வை நிமிர்ந்தது.

“வானொலில பேசுறது நீங்கதானே?”

“ஆமா தம்பி.”

ஓக்லி கோபப்படவில்லை. மத்தியானம் அம்மா வீட்டுக்குக் கிளம்புவதாகவும், முடி இப்படிக் கிடந்தால் அவள் வாசலிலேயே திட்டத் தொடங்கிவிடுவாள் என்றும் சொன்னார். காதோரம் குட்டையாக வெட்டச் சொன்னார். எர்வின் வெட்டினார். வெளிப்பக்கம் வளைந்து போகும் பந்துக்கு ஓக்லி இருபது தடவை ஏமாந்ததை ஆட்டம் ஆட்டமாகக் குறித்து வைத்திருந்தவர் அவர். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. முப்பத்து மூன்று வயதுக்குள் காதுக்கு மேலே நரைத்திருந்தது.

“முழங்கால் போச்சுன்னு சொன்னீங்க. அது முழங்கால் இல்ல” என்றார் ஓக்லி. “இடது கண்ணு. மார்ச்லருந்து மங்கலா இருக்கு. பந்து பாதி தூரம் வந்தப்புறம்தான் தெரியுது.”

கத்திரி நின்றது. வலது கை ஆட்டக்காரருக்குப் பந்துவீச்சாளரைப் பார்த்து நிற்பது அந்தக் கண்தான்.

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா மார்ச்லயே அனுப்பியிருப்பாங்க. அஞ்சு மாசம் கூட ஆடிட்டேன்ல.”

பாதி தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பந்தை மட்டையால் தொடுவதே பெரிது. இந்த ஆள் அப்படி அறுபது முறை அடித்திருக்கிறார். எர்வினுக்கு அந்த எண்ணிக்கை மனப்பாடம். அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போன திங்கட்கிழமை ஒரு வார்த்தை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“ஆட்டத்துல மனசு இல்லைன்னு உங்களைப் பத்திச் சொன்னேன்” என்றார் எர்வின். “அதைச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அன்னைக்கு அம்மாவும் கேட்டுக்கிட்டிருந்தா.”

எர்வின் பின்கழுத்து மயிரைத் தூரிகையால் தட்டிவிட்டார். கெட்லர் நல்ல ஆட்டக்காரன்தான், அந்த யோசனை சரியானதுதான் என்று ஓக்லியே சொன்னார். அதைக் கேட்டும் எர்வினுக்கு ஆறுதலாக இல்லை.

ஓக்லி துணியைக்கூட அவிழ்க்காமல் எழுந்தார். சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து மட்டைபோலத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடையின் மறுகோடிக்குப் போய்க் கால்களை அகட்டி நின்றார். வெட்டிய முடி தோளிலிருந்து உதிர்ந்தது.

“எதையாவது எறிங்க. மெதுவா வேண்டாம்.”

எர்வின் ஈரத்துண்டு ஒன்றை இறுகச் சுருட்டினார். இளம் வயதில் பள்ளி அணிக்குப் பந்து வீசிய கை அது. ஒரு கணம் தயங்கினார். மெதுவாக எறிந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, முழு வேகத்தில் விட்டார். வெள்ளைத் துண்டு நாற்காலிகளுக்கு மேலே பறந்துபோனது. ஓக்லி தலையைச் சற்றே திருப்பி, வலது கண்ணால் அதைத் தேடிக்கொண்டிருந்தார். துடைப்பம் இன்னும் அசையவில்லை.