கணவர் பெயரில் ஏறிய தொகை

டொரத்தி ஹேலின் வரி ரிட்டர்னை மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது ஆஞ்சலாவுக்குத் தெரியும். நிறுத்தி வைத்தால் தன் வேலை நிலைக்காது என்பதும் தெரியும். ஆயினும் திரையில் ஓரிடத்தில் பூஜ்யம் நின்றது. அந்தப் பூஜ்யத்தை அவளால் நம்ப முடியவில்லை.

அல்சூர் ஏரியை ஒட்டிய சாலையில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த அலுவலகம் அமெரிக்கக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றுக்காக அந்நாட்டவரின் ரிட்டர்ன்களைத் தயாரித்துக் கொடுத்தது. கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாளே இருந்தது. வருடப் பிறப்பு என்று வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்க வேண்டிய குழுத் தலைவர் சீனிவாசராகவன்கூடக் காலையிலேயே வந்துவிட்டார். வந்ததும் எல்லோரையும் நிற்க வைத்து, மேலிடத்துச் செய்தியைச் சொன்னார். யார் பெயரில் ரிட்டர்ன் நிறுத்தப்பட்டிருக்கிறதோ, அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி மறுபடி யோசிக்கப்படும். ஆஞ்சலாவின் ஒப்பந்தம் அம்மாத இறுதியில் முடிகிறது. காக்ஸ் டவுன் வீட்டின் வாடகை அவள் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

டொரத்தி, கணவரை இழந்த மூதாட்டி. பல ஆண்டுகள் தன் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டு வந்தவர், இவ்வாண்டு முதன்முறையாக அதிலிருந்து எடுத்திருந்தார். அந்நாட்டில் இத்தகைய கணக்கில் போடும் பணத்துக்குச் சிலருக்கு வரிச்சலுகை உண்டு. வருமானம் மிகுந்த சிலருக்கு இல்லை. சலுகை இல்லாதவர், வரி கட்டி முடித்த பணத்தைத்தான் போடுகிறார். ஆகவே திரும்ப எடுக்கும்போது அந்தப் பங்குக்கு மறுபடி வரி விதிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ரிட்டர்ன் தயாரிப்பவரே ஆண்டுதோறும் விடாமல் எழுதி வர வேண்டும். இடையில் விட்டுப்போனால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி.

டொரத்தியின் ரிட்டர்னில் அந்தப் பங்கு பூஜ்யம் என்று இருந்தது.

சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்தாள். கணவர் வால்டர் இறந்த ஆண்டு அது. இருவருக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன். அதில் அந்தப் பங்கு முப்பத்தெட்டாயிரம் டாலர் என்று இருந்தது, ஆனால் வால்டரின் பெயரில். இவ்வாண்டு டொரத்தி தனியாகத் தாக்கல் செய்வதால், கணவர் பெயரில் இருந்தவற்றையெல்லாம் மென்பொருள் தானாகவே நீக்கிவிட்டிருந்தது.

அவருடையது அவரோடு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் வால்டருக்குத் தொழிற்சாலை ஓய்வூதியம்தான் இருந்தது. அப்படியொரு கணக்கே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலி லீனா தன் பதினோராவது ரிட்டர்னை முடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"போன வருஷம் என்ன இருந்துச்சோ அதைப் பார்த்துப் போட்டுட்டுப் போவியா, சும்மா சும்னே எதுக்குடீ தோண்டுற? அந்தப் பாட்டி உனக்கு ஈஸ்டர் கேக் அனுப்பப் போறாளா?"

ஆஞ்சலா வங்கிச் சான்றுகளைத் தேடினாள். கணக்கு வைத்திருக்கும் வங்கி, யார் எவ்வளவு போட்டார் என்று கணக்குக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு சான்று அனுப்பும். அதை அவர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது மே மாதம் ஆகிவிடும். அதற்குள் வேலைக்காலம் முடிந்திருக்கும். ஆகவே அலுவலகத்தில் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. டொரத்தியின் பழைய தாள்களுக்குள் எட்டு ஆண்டுச் சான்றுகளும் திறக்கப்படாமல் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். எட்டிலும் டொரத்தியின் பெயர்.

தவறு எப்படி நேர்ந்தது என்பது உடனே விளங்கியது. மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும், அது கணவருடையதா மனைவியுடையதா என்று குறிக்க ஒரு சிறு கட்டம் உண்டு. தொடாமல் விட்டால் கணவர் என்றே நிற்கும். குடும்பப் பணம் என்றால் குடும்பத் தலைவர் பெயரில்தானே என்று முதல் ஆண்டு யாரோ கட்டத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். பின்னர் வந்தவர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். சென்ற ஆண்டு நகலெடுத்தவள் லீனா. முதல் ஆண்டுப் பதிவின் கீழ், பதிவு செய்தவர் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. அவை சீனிவாசராகவனுடையவை.

ஐந்தரை மணிக்கு அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

"கம்ப்யூட்டர் பூஜ்யம்ங்கறது, நீ இல்லேங்கறே. ஏம்மா, எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறியா?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"சார், அவருக்கு அந்த மாதிரி அக்கவுன்ட்டே இல்ல சார். பணம் முழுக்க அந்தம்மாவோடது. செத்தவரோட சேர்த்து நாமளே அதையும் எடுத்துட்டோம்."

அவர் சான்றுகளைப் பார்த்தார். பிறகு முதல் ஆண்டுப் பதிவைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியில், தாக்கலுக்குக் கூடுதல் அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தைப் போடுமாறும், எட்டு ஆண்டுப் படிவங்களையும் டொரத்தி பெயரில் திருத்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஆஞ்சலா தன் இடத்துக்குத் திரும்பி, நிறுத்தி வைக்கும் பட்டியலைத் திறந்தாள். கடைசிக் கட்டம் காரணம் கேட்டது. சீனிவாசராகவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"க்ளையன்ட் தகவல் தரலைன்னு போட்டுடு," என்றார், லீனாவுக்குக் கேட்காதவாறு. "அது நம்ம தலைல ஏறாது. ஒன் காண்ட்ராக்ட்டுக்கும் ஒண்ணும் ஆகாது."

அது உண்மைதான். வாடிக்கையாளரின் குறை என்றால் அந்த நிறுத்தம் யார் பெயரிலும் சேராது. திருத்தும் வேலைக்கான கட்டணம் மட்டும் வாடிக்கையாளருக்குப் போகும்.

அவள் அதையே தேர்ந்தெடுத்தாள். பட்டியலில் அந்த வரிசை பச்சையாயிற்று. வாடகை, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று மனம் தானாகவே ஓடியது. பக்கத்துத் திரையில் எட்டுச் சான்றுகளும் திறந்தபடி இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், எவரும் கேட்காமலே, அந்த அம்மாள் தவறாமல் அனுப்பியவை. தகவல் தரவில்லை என்று எழுதினால், தந்ததற்காக அவரே பணம் கட்டுவார்.

மணி ஐந்து ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆஞ்சலா காரணத்தை மாற்றினாள். எங்கள் பதிவுப் பிழை என்று குறித்து, முதல் ஆண்டையும் எழுதினாள். யார் பதிவு செய்தது என்பதை எழுதவில்லை. ஆண்டை வைத்தே தெரிந்துவிடும். வரிசை சிவந்தது. இடப்புறத்தில் அவள் பெயர் ஏறியது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பின்னால் நின்றவர் நகர்ந்து செல்வது மட்டும் கேட்டது.

ஆறு மணிக்கு அமெரிக்காவிலிருந்து அன்றாட அழைப்பு வந்தது. சீனிவாசராகவன் எடுத்தார். நிறுத்தப்பட்ட ரிட்டர்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள் போலும். அவர் ஆங்கிலத்தில் மெதுவாக, ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடாமல் பதில் சொன்னார். அது எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு, அதைச் செய்தவர் தாமே, அம்மாள் எல்லாத் தாள்களையும் அனுப்பியிருந்தார் என்றார். மறுமுனை ஏதோ கேட்டது. அவர் கையை அசைத்து ஆஞ்சலாவை அழைத்து, எதிரே உட்காரச் சொன்னார்.

பிறகு அவள் பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருமுறை போதவில்லை, திரும்பவும் சொன்னார். அங்கே யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள். பிழையைக் கண்டவள் என்றா, ரிட்டர்னை நிறுத்தியவள் என்றா, எதற்காக என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.