பின்னால் போன ஏழாம் நம்பர் பஸ்

ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அவர் முனை திரும்புவதைப் பார்த்துத்தான் ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைத் திறப்பார். ரயில் நிலையத்துக் கடிகாரம் ஒரு தடவை அவரோடு இரண்டு நிமிடம் முரண்பட்டது. கழற்றிப் பார்த்தார்கள், பழுது கடிகாரத்தில்தான்.

அவருக்கு ஒரே மகள். வயது இரண்டே முக்கால். டாக்டர் குறித்த தேதியில் பிறக்க மாட்டேன் என்று மூன்று வாரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தவள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவள் பிடித்தால் முயலே ஒப்புக்கொண்டு நொண்டும். பயணிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘மேலிடம்’.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விடியற்கால வேலை. அதனால் முதல் நடையில் மேலிடமும் ஏறிக்கொள்ளும். பதினோராவது நிறுத்தத்தில் டிரைவரின் அக்கா காத்திருந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அவர் வேலை முடிந்து வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். ஆக, அப்பனும் மகளும் விழித்த கண்ணோடு சேர்ந்திருப்பது நாளுக்கு இருபத்தைந்து நிமிடம்.

அந்த வாரம் புது விதி வந்திருந்தது: காரணமில்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்துகிற டிரைவருக்கு வேறு தடம். வேறு தடம் என்றால் அந்த இருபத்தைந்து நிமிடமும் போச்சு. போதாக்குறைக்கு அன்று நேரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் குறிப்பேட்டோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் சட்டை மாட்டும்போதே மகளோடு ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அத்தை நிறுத்தத்தில் கதவைத் திறக்கும் பொத்தானை அவள்தான் அழுத்துவாள். வழியெல்லாம் ஆட்காட்டி விரலை நீட்டியபடியே வந்தாள்.

பதினோராவது நிறுத்தம் வந்தது. பத்தொன்பது வருடம் பழகிய கை, யாரையும் கேட்காமல் தானே போய்ப் பொத்தானை அழுத்தியது. கதவு திறந்தது. ஆறு பேர் இறங்கினார்கள்.

“நானு!” என்று ஒரு குரல்.

“ஐயோ கண்ணு, அப்பா மறந்துட்டேன்டா. இந்தா, மூடிட்டேன். இப்ப நீ அமுக்கு.”

“இல்ல. பஸ் வரணும்.”

“வந்துடுச்சேம்மா.”

“போயிட்டு வரணும்!”

மேலிடம் தரையில் மல்லாந்தது. பன்னிரண்டு கிலோ உடம்பு, தரை பட்டதும் இருநூறு கிலோவானது. கட்டட மேஸ்திரி ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பல் டாக்டர், பையிலிருந்து கூச்சத்தோடு சாக்லேட் எடுத்து நீட்டினார். அவள் எழுந்து, வாங்கி, தின்று முடித்து, மறுபடி படுத்துக்கொண்டாள்.

“எறங்குடி தங்கம்!” என்றாள் வெளியே நின்ற அத்தை.

“போ அத்த. நீ இன்னும் வரல.”

“ஒரு நிமிஷம் ஆச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர். “பெத்த புள்ளைய அடக்கத் தெரியல, இவ்வளவு பெரிய வண்டிய எப்படிய்யா அடக்குறீங்க?”

“வண்டிக்கு பிரேக் இருக்கு சார்.”

அள்ளி அக்குளில் இடுக்கி அக்காவிடம் நீட்டினால் பத்து நொடி வேலை. டிரைவருக்கு அது தெரியாமல் இல்லை. நாளைக்கும் இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வருவது, சொன்ன சொல்லை அப்பா காப்பாற்ற மாட்டார் என்று தெரிந்துகொண்ட பிள்ளையாக இருக்கும்.

அவர் இருக்கையை விட்டு இறங்கி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நீ சொல்றதுதான் சரி. அமுக்க விடறேன்னு சொல்லிட்டு அப்பா நானே அமுக்கிட்டேன். தப்பு என் மேல.”

ஒரு கண் திறந்தது.

“போயிட்டு வரலாமா?”

இரண்டாவது கண்ணும் திறந்தது.

பஸ்ஸைப் பின்னால் எடுப்பதென்றால் ஓர் ஆள் இறங்கி வழி சொல்ல வேண்டும். அது விதி. விதி தெரிந்தவர் அங்கே இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் பின்னால் போய், “வரலாம்… வரலாம்…” என்று கையாட்டினார். அதற்குள், இறங்கிப் போன ஆறு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்கள். ஆறாவது ஆள் அவசரமாகப் போகவேண்டியவர். தன் குடையை மட்டும் அனுப்பிவைத்தார்.

“போதுமா?” என்று இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே கேட்டார். டிரைவரை அல்ல.

“இன்னும்!”

முனை வரைக்கும் போனார்கள். இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஏறினார். வண்டி முன்னால் உருண்டு நிறுத்தத்தில் நின்றது. அத்தை தெருக்கோடியிலிருந்து புதிதாக நடந்து வந்து, “அடடே, வந்துட்டீங்களா!” என்றாள். சாக்லேட் விரல் பொத்தானை அழுத்தியது. கதவு திறந்தது. ஐந்து பேரும் ஒரு குடையும் இறங்கியபின், மேலிடம் படிக்கு இரண்டு காலாக, யார் கையையும் பிடிக்காமல் இறங்கியது.

“நாலு நிமிஷம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “காரணம்?”

“கதவுல கோளாறுன்னு போடுங்க சார்,” என்றார் மேஸ்திரி.

டிரைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “கதவு நல்லாத்தான் இருக்கு சார். தப்பு நான் பண்ணது. சரி பண்ணிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் எழுதினார். பிறகு குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார்: ‘டிரைவர் ஒரு தவறு செய்தார். உடனே திருத்திக்கொண்டார். திருத்தும்போது பின்னால் நின்றவன் நான்.’

“காரணம் இருக்கில்ல? அப்ப நாளைக்கும் இதே தடந்தான். எடுங்க வண்டிய.”

டிரைவர் எடுக்கவில்லை. வெளியே, அத்தையின் இடுப்பில் ஏறாமல் தன் காலிலேயே நின்றவளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

“ம், போ,” என்றாள் அவள்.

வண்டி கிளம்பியது.