வலக்கையை மட்டும் நீட்டவும்

தூர்வாரும் வேலையின் மேற்பார்வையாளர் தம் மைத்துனனோடு பேசி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவர்களிடையே பகை ஏதும் இல்லை. இருவரும் ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறியின் கீழ்தான் உறங்கினார்கள். பொத்தான் தொழிற்சாலை மூடப்பட்டு, மைத்துனன் அக்காள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்த வாரத்தில்தான், வேலையற்றோருக்கான நிவாரணப் பணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு மறுபடியும் மேற்பார்வையாளரின் தலையில் விழுந்தது. ஒரு சொல் பேசினாலும் சலுகை என்று ஊர் சொல்லும். ஆகவே உப்பு வேண்டுமென்றால்கூட அவர் மனைவியிடம் சொல்வார், மனைவி தம்பியிடம் சொல்வாள், தம்பி நகர்த்துவான்.

ஊர் என்பது முக்கியமாக மனுக்காரர். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அச்சகம் நொடித்த பிறகு, மேற்பார்வையாளர் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்துவிட்டார். சென்ற முறை எடுத்த பன்னிருவரில் ஒன்பது பேர் மேற்பார்வையாளரின் சொந்தம் என்று முப்பத்தோரு மனுக்கள் போட்டிருந்தார். அவர்களில் நால்வர், வேலைக்கு வந்த இடத்தில் பழகிப் பெண் கொடுத்து, அதன் பிறகே சொந்தமானவர்கள் என்ற விளக்கம் எடுபடவில்லை. இன்னொரு புகார் உறுதியானால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆணையாளர் சொல்லிவிட்டார். தம்பிக்கு வேலை இல்லையென்றால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அலுவலகம் ஒரு முறையை வகுத்தது. வராந்தாவில் ஒட்டுப்பலகை ஒன்றை நிறுத்தி, நடுவே வட்டமாகத் துளையிட்டார்கள். முகமும் பெயரும் தெரியக் கூடாது. துளை வழியே வலக்கையை மட்டும் நீட்ட வேண்டும். உழைத்த கை என்று கண்டால் மேற்பார்வையாளர் அதில் வரிசை எண்ணை எழுதுவார். முதல் பன்னிரண்டு கைகளுக்கு வேலை. பதின்மூன்றாம் கை காத்திருக்கும்.

ஆள் எடுப்பதற்கு முன்தினம் மனைவி தம்பியின் சுண்டுவிரலில் அடையாளத்துக்கு நீல நூல் ஒன்றைக் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான் பார்த்தாள். மறுநாள் துளைக்குள் நுழைந்த முதல் ஒன்பது கைகளிலும் நீல நூல் இருந்தது. கடையில் நீலம் தீர்ந்துவிட்டது போலும். பத்தாவது கை பச்சை நூலோடு வந்து சற்றுத் தயங்கியது.

மேற்பார்வையாளருக்கு ஒருவகையில் நிம்மதி. ஏழு மாதங்களாகப் பார்வையையும் திருப்பாமல் இருந்ததில், மைத்துனனின் கை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நூலை விட்டுக் காய்ப்பைப் பார்த்தே எண்களை எழுதினார். ஒரு கையின் நடுவிரலில் பட்டாணி அளவுக்குக் காய்த்திருந்தது. மண்வெட்டி பிடித்த கை என்று மனம் நெகிழ்ந்து, அதில் பன்னிரண்டு என்று எழுதினார்.

பலகையை அகற்றியபோது பன்னிரண்டாம் எண்ணோடு நின்றவர் மனுக்காரர். அது பேனா பிடித்த காய்ப்பு. பதின்மூன்றாம் எண்ணோடு, நூலைப் பிய்த்தபடி நின்றவன் மைத்துனன்.

மனுக்காரருக்கும் வேலை தேவைதான். அவர் மனைவி மண்வெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள். இருந்தாலும் கொள்கை என்று ஒன்று உண்டல்லவா? தம் வாயை அடைப்பதற்காகவே தம்மைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று, நின்ற நிலையிலேயே முப்பத்திரண்டாம் மனுவை எழுதி நீட்டினார்.

ஆள் எடுப்பதைப் பார்க்க வந்திருந்த ஆணையாளர் அங்கேயே மனுக்காரரிடம் விசாரணையைத் தொடங்கினார். "மேற்பார்வையாளர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அவரு தும்மப்போறாருன்னா மொதல்ல எனக்குத்தான் சார் தெரியும். அவரு பெரிய பொண்ணுக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு கேளுங்க, அவரு முழிப்பாரு. நான் சொல்றேன்."

"கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு ஒட்டுதலா இருக்க மாட்டான்யா," என்ற ஆணையாளர், நெருங்கிய பழக்கத்தைக் காரணம் காட்டி அவர் பெயரை அடித்தார். பிறகு பதின்மூன்றாம் எண்ணைப் பார்த்து, இவன் யார் என்று மனுக்காரரையே கேட்டார்.

மனுக்காரர் குறிப்பேட்டைப் புரட்டினார். எழுதியதை மாற்றிப் படிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

"முறைக்கு மச்சினன் சார். ஆனா ஏழு மாசமா ஒரு வார்த்தை கெடையாது. உப்பு கேக்கவே நடுவுல ஆளு வேணும். ரோட்ல போறவன்கூட மணி என்னன்னு கேப்பான், இவங்களுக்குள்ள அதுகூட இல்ல."

ஆணையாளர் மைத்துனனின் பெயருக்கு எதிரே 'அந்நியர்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மேற்பார்வையாளருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "அதான் வேல கெடச்சிடுச்சே, பேசுங்களேன்," என்றாள் மனைவி. மைத்துனனும் "மாமா" என்று வாயெடுத்தான். மேற்பார்வையாளர் சன்னலைப் பார்த்தார். எதிர் நடைபாதையில் மனுக்காரர் புதுக் குறிப்பேட்டை விரித்து வைத்திருந்தார். வேலை இல்லாததால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

"காலைல ஏழு மணிக்கு வேலைக்கு நிக்கணும்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு," என்றார் மேற்பார்வையாளர், மனைவியிடம். "நான் எழுப்ப மாட்டேன்."

அவள் சொன்னாள். மைத்துனன் தலையாட்டிவிட்டு, உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

யாரும் கேட்காமலே உப்பு நகர்ந்ததை மனுக்காரர் குறித்துக்கொண்டார்.