மூக்கு மீன் குடும்பம்

அருங்காட்சியகத்தின் மீன் அறையில் இரண்டு பெண்கள், இரண்டு அலமாரிகள். மூத்தவளின் அலமாரியில் ஆழ்கடலின் வாய் மீன்கள்: தலை முழுக்க வாய், கடுகளவு கண். இளையவளுடையதில் மூக்கு மீன்கள்: விரல் நீளம்கூட வராது, முகமெல்லாம் மூக்கு. அவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்துப் பெயர் வைத்தவள் அவள்தான். அதனால் மூத்தவளை வாய்க்காரி என்றும் இவளை மூக்குக்காரி என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாய்க்காரிக்கு அந்தப் பெயர் வேறு வகையிலும் பொருந்தும்.

இப்போது மரபணுச் சோதனை, இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட்டது. வாய் மீன்கள் எல்லாம் பெண். மூக்கு மீன்களில் இதுவரை வெட்டிப் பார்த்தவை எல்லாம் ஆண். வெட்டாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, இருப்பதிலேயே பெரியது. அதன் வயிற்றில் முட்டை இருந்தால் சோதனையில் ஏதோ பிசகு என்று வாதாடலாம். அவள் பிரித்த குடும்பம் பிழைக்கும். இல்லையென்றால் முந்தி வைத்த பெயரே நிற்கும். முந்தியது வாய் மீன்களின் பெயர்.

“இருக்கறது ஒண்ணே ஒண்ணு, வெட்ட மனசு வரலைன்னு சொல்லிடு. யாரும் கேக்க மாட்டாங்க,” என்றாள் வாய்க்காரி.

“நீ கேக்க மாட்டியாக்கா?”

“நான் வாயத் திறக்கவே மாட்டேன்டி.”

“அது நடக்கற காரியமா?”

சிரித்துக்கொண்டேதான் மூக்குக்காரி கத்தரியை எடுத்தாள். கை மட்டும் மீனருகே போய் நின்றுவிட்டது. பெண்ணே இல்லாத குடும்பம் எப்படிப் பெருகும் என்று இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேள்வி தோன்றாமல் இல்லை. கேட்டால் விடை வந்துவிடுமே என்றுதான்.

வெட்டினாள். முட்டை இல்லை. இரைப்பையும் இல்லை. சின்ன வயதில் தின்றதெல்லாம் ஈரலாகத் திரண்டு வயிற்றை அடைத்திருந்தது. அதையொட்டி வெள்ளையாக விந்துப்பை. வளர்ந்தபின் ஒரு வாய்கூட உண்ணாமல், மோப்பத்தை மட்டும் நம்பி, இருட்டில் பெண்ணைத் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் அவள் இத்தனை நாள் தனியாக வைத்துப் பாதுகாத்திருக்கிறாள். வலிக்கும் என்று பயந்திருந்தாள். வலித்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

“ஆண்தான்க்கா,” என்றாள்.

வாய்க்காரி நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. எழுந்துபோய்த் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள்.

மூக்குக்காரி தன் மீன் புட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினாள். “வீட்டோட மாப்பிள்ளையா அனுப்பறேன். நல்லபடியா பாத்துக்கங்க, சம்பந்தி.”

“எனக்கென்ன கஷ்டம்?” என்று புட்டியை வாங்கித் துடைத்தாள் வாய்க்காரி. “சாப்பாடே கேக்காத மாப்பிள்ளை எந்த வீட்டுக்குக் கிடைக்கும்?”